மும்பைக்கு வந்து சேர்ந்த எம்பிரஸ் கப்பல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்லார்ட் எஸ்டேட்டில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். வீடு செம்பூரில். பார்த்ததெல்லாம் சரக்குக் கப்பல்களின் காகித வேலைதான். ஆனாலும் 'கப்பல் ஆபீஸ்காரர்' என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் தப்ப முடியாது. கல்யாணப் பந்தியில் பாயசம் வருவதற்குள் ஒரு கேள்வி, மாதுங்காவில் வாழைக்காய் பொறுக்கும்போது ஒரு கேள்வி. அத்தனையும் கோவாவுக்குப் போகிற அந்தச் சொகுசுக் கப்பலைப் பற்றி. திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே இருக்கின்றன.

அந்தக் கார்டீலியா கப்பல் புதுசா, பழசா சார்? ஏஜென்ட் புத்தம் புதுசுன்னு சொன்னானே.

பழசு. 1990-இல் வேலைக்கு வந்த கப்பல். பிரான்சின் மேற்குக் கரையில் சான் நசேர் என்ற ஊரில் கட்டினார்கள். 1989 ஆகஸ்டில் உடற்கூட்டைத் தண்ணீரில் இறக்கி, 1990 மே கடைசியில் சொந்தக்காரரிடம் ஒப்படைத்தார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கார்டீலியா என்பது கப்பலை நடத்துகிற மும்பை நிறுவனத்தின் பெயர். கப்பலின் பெயர் எம்பிரஸ். பஸ்ஸின் நெற்றியில் டிராவல்ஸ் பெயர் எழுதியிருந்தால் அதுவே பஸ்ஸின் பெயர் ஆகிவிடாது இல்லையா, அப்படித்தான். என்னிடமும் ஒரு ஏஜென்ட் 'பிராண்ட் நியூ' என்று ஆரம்பித்தார். கட்டின வருஷத்தைச் சொன்னதும், 'உள்ளே எல்லாம் புதுசு சார்' என்று இறங்கி வந்தார்.

கப்பல் ஏறுறது எந்த இடம்? பாவுச்சா தக்காவா?

இல்லை. பாவுச்சா தக்கா மீன் படகுக்கும், ரேவஸ், மோரா போகிற லாஞ்சுக்கும். அந்தக் காலத்து கொங்கண் ஸ்டீமர் அங்கிருந்துதான் கிளம்பியது, அந்த ஞாபகத்தில் கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எம்பிரஸ் போன்ற பெரிய கப்பல்கள் பல்லார்ட் பியர் பக்கம்தான் அணையும். வி.டி. ஸ்டேஷனில் இறங்கினால் டாக்சியில் பத்து நிமிஷம்.

இங்கே பழைய முனையம் சின்னது. 2025 செப்டம்பரில் இந்திரா டாக் பக்கம் மும்பை பன்னாட்டு க்ரூஸ் (சொகுசுச் சுற்றுலாக் கப்பல்) முனையத்தைப் பிரதமர் திறந்துவைத்தார். டிக்கெட்டில் என்ன வாசல் போட்டிருக்கிறதோ அதையே டாக்சிக்காரரிடம் காட்டுங்கள். துறைமுகத்துக்குள் ஒரு வாசல் மாறிப்போனால் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டி வரும்.

எவ்வளவு பெரிசு இருக்கும் மாமா?

நீளம் 211 மீட்டர். மும்பைக்காரர்களுக்குச் சொல்வதானால், லோக்கல் ரயிலின் பத்துப் பெட்டி நீளம். அகலம் 30 மீட்டருக்குச் சற்று மேல். ஏறத்தாழ 800 அறைகள். அறைக்கு இரண்டு பேர் கணக்கில் 1,600 பேர், கூடுதல் படுக்கைகளையும் சேர்த்தால் 2,000 பேர் வரை ஏறலாம். கப்பல் ஊழியர்கள் தனி.

இன்றைய கணக்கில் இது பெரிய கப்பல் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2024-இல் வந்த ஐகான் ஆஃப் தி சீஸ் 365 மீட்டர், நம் பதினைந்து பெட்டி லோக்கலையும் தாண்டிவிடும். ஆனால் 1990-இல் இது பெரிய கப்பல்தான். இந்தியத் துறைமுகங்களில் நின்று பார்க்கும்போது இன்றும் பெரிய கப்பலாகத்தான் தெரிகிறது.

டைட்டானிக்கை விடப் பெரிசுன்னு வாட்ஸ்அப்பில் வந்ததே, நிஜமா?

பாதி நிஜம். எம்பிரஸ் 48,563 கிராஸ் டன், டைட்டானிக் 46,328. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துத்தான் அந்தச் செய்தி சுற்றுகிறது. நீளத்தில் டைட்டானிக் 269 மீட்டர். அதாவது எம்பிரஸைவிடக் கிட்டத்தட்ட மூன்று லோக்கல் பெட்டி அதிகம்.

கிராஸ் டன் என்றால் எடை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது எடையே இல்லை, கப்பலுக்குள் மூடிய இடம் எவ்வளவு என்கிற அளவு. டைட்டானிக் காலத்தில் நூறு கன அடி ஒரு டன் என்று கணக்கு. கப்பல் அளவீட்டுக்கான 1969 பன்னாட்டு உடன்படிக்கைக்குப் பிறகு சூத்திரமே வேறு. பழைய டன்னையும் புது டன்னையும் ஒப்பிடுவது படியையும் லிட்டரையும் ஒப்பிடுகிற மாதிரி. டைட்டானிக் அட்லாண்டிக்கைக் கிழித்துக்கொண்டு போகக் கட்டிய நீளமான கப்பல். இது அடுக்குமாடி வீட்டை மிதக்க விட்ட மாதிரி குட்டையாக, உயரமாக இருக்கும். நீளம் குறைவு, இடம் அதிகம்.

இதை முதல்ல யாருக்காகக் கட்டினாங்க?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. ஆனால் கேட்கிறவர்கள் குறைவு.

அட்மிரல் க்ரூசஸ் என்று ஓர் அமெரிக்க நிறுவனம் இருந்தது. 'ஃபியூச்சர் சீஸ்' என்ற பெயரில் இந்தக் கப்பலுக்கு ஆர்டர் கொடுத்தது அவர்கள்தான். கப்பல் முடிவதற்குள் 1988-இல் அந்த நிறுவனம் ராயல் கரீபியன் என்ற பெரிய க்ரூஸ் நிறுவனத்தோடு இணைந்துவிட்டது. ஆக, பிறப்பதற்கு முன்பே இதற்கு ஒரு பெயர் போய் இன்னொரு பெயர் வந்தது: நார்டிக் எம்பிரஸ். 1990-இல் மயாமியில் பெயர் சூட்டு விழா. சூட்டியவர் பாடகி குளோரியா எஸ்டஃபன். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கியூபா பற்றிய பதிலில் வரும்.

முக்கியமான சங்கதி என்னவென்றால், இது மயாமியிலிருந்து பஹாமாஸுக்கு மூன்று நாள், நான்கு நாள் பயணம் போவதற்கென்றே வடிவமைத்த கப்பல். அதுவரை பெரும்பாலும் நீண்ட பயணத்தில் ஓடி ஓய்ந்த கிழட்டுக் கப்பலைத்தான் குறும்பயணத்துக்குத் தள்ளுவார்கள். புதுக் கப்பலையே வெள்ளிக்கிழமை ஏறி திங்கள்கிழமை இறங்குகிறவர்களுக்காகக் கட்டியது அன்றைக்குப் புதுமை. அறைகள் சின்னதாக இருக்கின்றன என்று குறைப்பட்டுக்கொள்கிறார்களே, காரணம் இதுதான். மூன்று நாளுக்கு எத்தனை அலமாரி வேண்டும்? பொது இடங்களை விசாலமாக வைத்து, அறையைச் சுருக்கினார்கள். மும்பையிலிருந்து கோவா போய் வருவது கிட்டத்தட்ட அதே வேலைதான். முப்பது வருஷம் சுற்றிவிட்டுப் பிறந்த தொழிலுக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

இத்தனை தடவை பேர் மாத்தினா, எதையோ மறைக்கிறாங்கன்னுதானே அர்த்தம்?

இல்லை. சொந்தக்காரர் மாறும்போது பெயர் மாறுவது கப்பல் தொழிலில் சாதாரணம். வரிசை இதுதான்: 1990-இல் நார்டிக் எம்பிரஸ். 2004-இல் எம்பிரஸ் ஆஃப் தி சீஸ், ஏனென்றால் ராயல் கரீபியன் தன் கப்பல்களுக்கெல்லாம் 'ஆஃப் தி சீஸ்' என்று முடிகிற மாதிரி வைத்துக்கொண்டிருந்தது. 2008-இல் ஸ்பெயினின் புல்மன்டூர் நிறுவனத்துக்குப் போனபோது வெறும் எம்பிரஸ். 2016-இல் திரும்பி வந்தபோது மறுபடி எம்பிரஸ் ஆஃப் தி சீஸ். இந்தியாவில் மீண்டும் எம்பிரஸ். எல்லாவற்றிலும் 'எம்பிரஸ்' மாறவே இல்லை. மறைக்க நினைத்தவர்கள் இப்படியா மாற்றுவார்கள்?

நம் ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்த எம்.வி. சிதம்பரம் கப்பலும் பெயர் மாறியதுதான். மெட்ராஸிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் போன அந்தக் கப்பல் பிரான்சில் 1966-இல் 'பாஸ்டர்' என்ற பெயரில் பிறந்தது. எழுபதுகளில் இந்தியக் கப்பல் கழகம் வாங்கியபின் சிதம்பரம் ஆனது. அதில் போய் வந்த பெரியவர்கள் யாரும் பெயர் மாற்றத்தைப் பற்றிச் சந்தேகப்பட்டதாக நான் கேட்டதில்லை.

சரி, பேர் மாறிடுச்சு. அது அதே கப்பல்தான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஐ.எம்.ஓ. (பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு) எண்ணை வைத்து. காருக்கு சேசிஸ் நம்பர் மாதிரி கப்பலுக்கு ஏழு இலக்கம் உண்டு. பெயர், கொடி, சொந்தக்காரர் எது மாறினாலும் இது மாறாது. 1987-இல் கொண்டுவந்து, 1996 முதல் கட்டாயமாக்கினார்கள். கப்பலின் உடம்பிலேயே நிரந்தரமாகப் பொறித்திருக்கும். பயணிகள் கப்பல் என்றால் மேலே விமானத்திலிருந்து தெரிகிற மாதிரியும் எழுதியிருக்க வேண்டும்.

எம்பிரஸின் எண் 8716899. இதில் ஒரு சின்ன கணக்கு ஒளிந்திருக்கிறது. முதல் ஆறு இலக்கத்தை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 56, 42, 5, 24, 24, 18, மொத்தம் 169. அதன் கடைசி இலக்கம் 9. எண்ணின் கடைசி இலக்கமும் 9. ஒத்துப்போகாவிட்டால் எண்ணை யாரோ தப்பாக எழுதியிருக்கிறார்கள். அலுவலகத்தில் ஃபேக்ஸ் காகிதத்தில் மங்கிப்போன எண்களை இப்படித்தான் சரிபார்ப்போம். பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் அரை மணி நேரம் தொல்லை இல்லாமல் இருப்பார்கள்.

ஸ்பெயின்காரங்ககிட்ட இருந்தப்போ என்ன பண்ணுச்சு?

புல்மன்டூர் ராயல் கரீபியனின் கைக்குள் இருந்த நிறுவனம்தான், 2006-இல் வாங்கியிருந்தார்கள். அதனால் 2008-இல் நடந்தது வீட்டுக்குள்ளேயே மூத்தவன் சட்டையை இளையவனுக்குக் கொடுத்த கதை. ஸ்பானிஷ், போர்த்துகீஸ் பேசும் பயணிகளோடு ஐரோப்பாவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் எட்டு வருஷம் ஓடியது.

வேண்டாம்னு கொடுத்த கப்பலை மறுபடி ஏன் வாங்கினாங்க?

கியூபாவுக்காக. ஒபாமா காலத்தில் அமெரிக்காவுக்கும் கியூபாவுக்கும் இடையே இருந்த இறுக்கம் தளர்ந்தது. 2016 மே மாதம் அமெரிக்காவிலிருந்து முதல் க்ரூஸ் கப்பல் ஹவானா போனது. ஹவானா பழைய துறைமுகம், உள்ளே நுழையும் வாய் குறுகல். ராக்ஷசக் கப்பல்கள் போக முடியாது. ராயல் கரீபியன் அதற்குள் கட்டியிருந்ததெல்லாம் ராக்ஷசக் கப்பல்கள். ஆக, சின்னதாக இருப்பதால் ஒதுக்கப்பட்ட எம்பிரஸ், சின்னதாக இருப்பதாலேயே திரும்ப அழைக்கப்பட்டது.

வந்ததும் ஓடிவிடவில்லை. 2016 மார்ச் கடைசியில் மயாமியிலிருந்து கிளம்புவதாக டிக்கெட் விற்றார்கள். சமையலறையைப் பிரித்துப் பார்த்தால் அமெரிக்கப் பொதுச் சுகாதார விதிகளுக்கு ஏற்ற நிலையில் இல்லை. தரை உள்பட மாற்ற வேண்டியிருந்தது. பயணம் மேல் பயணமாக ரத்து செய்து, மே கடைசியில்தான் கிளம்பினார்கள். பழைய வீட்டில் ஒரு குழாயை மாற்றப் போய் சுவரையே இடித்தவர்களுக்கு இது புரியும். ஆனால் இதனால் ஒரு நன்மை: இன்றைய சமையலறை 1990-இன் சமையலறை இல்லை.

2017 ஏப்ரலில் ஹவானா போனது. குளோரியா எஸ்டஃபன் பெயரை ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அவர் பிறந்த ஊர் ஹவானா. அவர் பெயர் சூட்டிய கப்பல் 27 வருஷம் கழித்து அவர் ஊர் வாசலில் போய் நின்றது. அதுவும் நீடிக்கவில்லை. 2019 ஜூன் 4 அன்று அமெரிக்க அரசு கியூபாவுக்கான க்ரூஸ் பயணங்களைத் தடை செய்வதாக அறிவித்தது, மறுநாளே அமலுக்கு வந்தது. முன்பதிவு செய்தவர்களை வேறு தீவுகளுக்குத் திருப்பிவிட்டார்கள்.

கொரோனா சமயத்துல கப்பல் எல்லாத்தையும் உடைச்சுட்டாங்களாமே, இது எப்படித் தப்பிச்சது?

நிறைய உடைந்தன, உண்மை. 2020 மார்ச்சில் உலகம் முழுக்க க்ரூஸ் நின்றது. புல்மன்டூர் அந்த ஜூனில் திவாலானது. அவர்களிடம் இருந்த சாவரின், மோனார்க் இரண்டும் ஒரே மாதத்தில் கப்பல் உடைக்கும் இடமான துருக்கியின் அலியாகா கரையில் ஏற்றப்பட்டன. அவையும் சான் நசேரில் அதே காலத்தில் கட்டியவை, எம்பிரஸைவிடப் பெரியவை. எம்பிரஸ் 2016-இல் புல்மன்டூரை விட்டு வந்திருக்காவிட்டால் அதுவும் அந்தக் கரையில் நின்றிருக்கும் என்பது என் ஊகம். கியூபா ஆசை ஒரு விதத்தில் உயிரைக் காப்பாற்றியது.

2020 டிசம்பரில் ராயல் கரீபியன் எம்பிரஸையும் மெஜஸ்டி ஆஃப் தி சீஸையும் விற்பதாக அறிவித்தது. மெஜஸ்டி கிரீஸ் பக்கம் போனது, எம்பிரஸ் நம் பக்கம் வந்தது. 2021 செப்டம்பர் 18 அன்று மும்பையிலிருந்து முதல் பயணம். ஐ.ஆர்.சி.டி.சி. மூலமாக டிக்கெட் விற்றதால், அரசாங்கக் கப்பல் என்று நினைத்தவர்கள் எங்கள் அடுக்ககத்திலேயே நாலு பேர். டிக்கெட் விற்பனைக்கு மட்டும்தான் ஐ.ஆர்.சி.டி.சி., கப்பல் தனியாருடையது.

இதுக்கு முன்னாடி மும்பையில கர்னிகான்னு ஒண்ணு ஓடுச்சே, அதான் இதுவா?

பலர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். வேறு கப்பல். இன்னும் பெரியது: 245 மீட்டர், சுமார் 70,000 கிராஸ் டன். லோக்கல் கணக்கில் பன்னிரண்டு பெட்டிக்குக் கொஞ்சம் குறைவு.

ஆனால் ஜாதகப் பொருத்தம் ஆச்சரியமானது. கர்னிகாவும் 1990-தான். அதையும் ஒரு நிறுவனம் (சிட்மார்) தொடங்கி வைக்க, நடுவில் இன்னொரு நிறுவனம் (பி அண்ட் ஓ) விழுங்கியது. இத்தாலியின் மான்ஃபல்கோனேயில் கட்டி, 'கிரவுன் பிரின்சஸ்' என்று பெயர் வைத்தார்கள். சூட்டியவர் நடிகை சோபியா லோரன். மூக்கு டால்பின் மீன் மாதிரி வளைந்திருக்கும், கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோவின் கைவண்ணம். அப்புறம் அ'ரோசா ப்ளூ, ஐடா ப்ளூ, ஓஷன் வில்லேஜ் டூ, பசிபிக் ஜுவல் என்று பெயர்கள், கடைசியில் 2019-இல் மும்பையில் கர்னிகா. ஒரு வருஷம்கூட முழுதாக ஓடவில்லை. 2020 மார்ச்சில் நின்றது, நவம்பரில் கப்பல் உடைக்கும் இடமான குஜராத்தின் அலங்கில் கரையேறியது. அதை நடத்திய ஜலேஷ் நிறுவனத்துக்குத் தலைமை வகித்தவர்தான் பின்னால் கார்டீலியாவுக்கும் தலைமை ஏற்றார். குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

ஐ.எம்.ஓ. எண் கேட்பீர்கள்: 8521220. மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள், 110 வரும்.

அந்தப் போதைப்பொருள் கேஸ் இந்தக் கப்பல்ல தானே? பொண்ணு பிள்ளைங்களோட போகலாமா?

இந்தக் கப்பல்தான். 2021 அக்டோபர் 2, சேவை தொடங்கி இரண்டே வாரம். மும்பையில் போதைப்பொருள் தடுப்புப் பிரிவு நடத்திய சோதனையில் கைதானவர்களில் நடிகர் ஷாருக்கானின் மகனும் ஒருவர். அடுத்த மே மாதம் தாக்கலான குற்றப்பத்திரிகையில் போதிய ஆதாரம் இல்லை என்று அவர் பெயர் சேர்க்கப்படவில்லை. டி.வி.யில் முதல் பாதியைப் பார்த்தவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டாம் பாதி தெரிவதில்லை.

குடும்பத்தோடு போகலாமா என்றால், போகலாம். நான் போனபோது கப்பலில் பாதிக்கு மேல் தாத்தா பாட்டியோடு வந்த குடும்பங்கள்தான். ஜைன சாப்பாட்டுக்குக்கூடத் தனி ஏற்பாடு இருந்தது. இட்லியைப் பற்றி மட்டும் நான் எதுவும் சொல்வதாக இல்லை.

கோவாவுல ஆளையே இறக்கவிடலையாமே, அது என்ன?

2022 ஜனவரி தொடக்கம், ஒமிக்ரான் அலை. புத்தாண்டுப் பயணமாக சுமார் 2,000 பேரோடு கோவா போன கப்பலில் ஊழியர் ஒருவருக்குத் தொற்று தெரிந்து, எல்லோருக்கும் பரிசோதனை செய்ததில் அறுபதுக்கும் மேற்பட்டோருக்கு இருப்பது தெரிந்தது. கடைசியில் கப்பல் மும்பைக்கே திரும்பியது. அந்தக் காலத்தில் உலகத்தில் பல கப்பல்களுக்கு நடந்ததுதான்.

ஜூன் மாசம் மும்பையில கப்பலையே காணோம். வித்துட்டாங்களா?

மழைக்காலத்தில் அரபிக் கடலில் சுற்றுலா நடத்த முடியாது. ஜூனில் மார்வே, வெர்சோவா மீன் படகுகளே கரையில்தான் கிடக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையை அடிக்கிற மாதங்களில் வங்காள விரிகுடாப் பக்கம் கொஞ்சம் சாந்தம். அதனால் கப்பல் சென்னைக்குப் போய்விடும்.

2022 ஜூன் 4 அன்று சென்னையில் முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்து முதல் பயணத்தைத் தொடங்கிவைத்தார். விசாகப்பட்டினம் போய்விட்டுப் புதுச்சேரி வருவதாகத் திட்டம். கப்பலுக்குள் சூதாட்டக்கூடம் இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பி, புதுச்சேரியில் அனுமதி கிடைக்கவில்லை. கடலில் நின்றுவிட்டுத் திரும்பியது. ஒரு கோவா, ஒரு புதுச்சேரி: கரைக்குப் பக்கத்தில் போய் இறங்க முடியாமல் திரும்புவது இந்தக் கப்பலின் ஜாதகத்தில் எழுதியிருக்கிறது போல.

2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைக்குப் போனது. ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. இதில் காங்கேசன்துறையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். போர்க்காலத்தில் மக்கள் நெருங்கவே முடியாமல் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்த யாழ்ப்பாணத் துறைமுகம் அது. அங்கே சுற்றுலாப் பயணிகள் பெட்டியோடு இறங்கிக் கீரிமலை, நல்லூர் என்று போய் வந்ததை மயாமிக்காக இதை வடிவமைத்தவர்கள் கற்பனை செய்திருக்க மாட்டார்கள். இலங்கைப் பயணம் என்றால் பாஸ்போர்ட் வேண்டும். மும்பை–கோவாவுக்கு அடையாள அட்டை போதும்.

நம்ம ஊர்க் கப்பல்னா ஏன் பின்னாடி வேற நாட்டுக் கொடி?

கப்பல் எந்த நாட்டில் பதிவோ அந்தக் கொடி. வரி, சட்டம், ஊழியர் விதி என்று பல கணக்குப் பார்த்து உலகத்தின் பெரும்பாலான க்ரூஸ் கப்பல்கள் பஹாமாஸ், மால்டா, பனாமா மாதிரி நாடுகளில் பதிவு செய்துகொள்கின்றன. அமெரிக்காவில் ஓடிய நாளிலும் இதன் பின்புறத்தில் அமெரிக்கக் கொடி இருந்ததில்லை. லைபீரியாவில் தொடங்கி, பஹாமாஸ், மால்டா என்று மாறியது.

சிக்கல் அடுத்தது: வெளிநாட்டுப் பதிவுக் கப்பல் ஓர் இந்தியத் துறைமுகத்தில் ஆளை ஏற்றி இன்னொரு இந்தியத் துறைமுகத்தில் இறக்கக்கூடாது என்பது பொது விதி. சரக்குக் கப்பலில் இந்த விதியோடு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. க்ரூஸ் கப்பலுக்கு மட்டும் 2009 முதல் மத்திய அரசு இதைத் தளர்த்தியது. அது இல்லாமல் மும்பை–கோவா–கொச்சி வழித்தடமே இருந்திருக்காது.

நான் பொறந்த வருஷத்துக் கப்பல். எனக்கே முட்டி வலிக்குது. அதுல குழந்தையைக் கூட்டிட்டுப் போறது பத்திரமா?

வயதை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. ரஜூலா என்று ஒரு கப்பல். 1926-இல் கிளாஸ்கோவில் கட்டியது. மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று நம் ஆட்களைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தது. 1973-இல் இந்தியக் கப்பல் கழகம் வாங்கி ரங்கத் என்று பெயர் மாற்றி, அடுத்த வருஷம் இதே பம்பாயில் உடைத்தார்கள். 47 வருஷம். இன்னொரு பக்கம் சிதம்பரம்: 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள், அப்போது அதன் வயது இருபதுகூட இல்லை.

வயதைவிடப் பரிசோதனையைப் பாருங்கள். பயணிகள் கப்பலின் பாதுகாப்புச் சான்றிதழ் ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும், ஆண்டுதோறும் சோதித்துப் புதுப்பிக்க வேண்டும். ஐந்து வருஷத்துக்கொரு முறை தகட்டின் தடிமன் வரை அளக்கிற பெரிய சர்வே. அடிப்பாகத்தை உலர் துறையில் ஏற்றிப் பார்ப்பதும் அதில் உண்டு. 2010-இல் கடல் பாதுகாப்பு விதிகள் இறுகியபோது மர வேலைப்பாடு மிகுந்த ஐம்பது, அறுபதுகளின் கப்பல்கள் பல ஒரேயடியாக ஓய்வு பெற்றன. இது பிந்திய தலைமுறை, அதனால் தப்பியது.

உங்கள் கையில் இருப்பது ஒன்றுதான். கப்பல் கிளம்பும் நேரத்தில் மஸ்டர் டிரில் நடத்துவார்கள். எந்தத் தளத்தில், எந்த உயிர்ப்படகின் கீழ் நீங்கள் நிற்க வேண்டும் என்று காட்டுவார்கள். 2012-இல் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்தபோது பயணிகளில் பலருக்கு அந்தப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கிளம்பும்போதே நடத்த வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். நம்மவர்கள் அந்த நேரத்தில்தான் பஃபே திறந்துவிட்டதா என்று பார்க்கப் போகிறார்கள்.

ரொம்ப ஆடுமா? எனக்குப் பஸ்லயே வாந்தி வரும்.

அக்டோபருக்குப் பிறகு பெரிதாக ஆடாது. இரண்டு பக்கமும் துடுப்பு மாதிரி ஆட்டம் குறைக்கிற பலகைகள் உண்டு. நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் அறை கேளுங்கள். விலையும் குறைவு.

இன்னும் எத்தனை நாள் ஓடும்? கடைசியில இதுவும் அலங்குக்குத்தானா?

நார்வீஜியன் ஸ்கை, நார்வீஜியன் சன் என்ற இரண்டு கப்பல்களைக் கார்டீலியாவுக்கு வாடகைக்குத் தருவதாக 2025-இல் அறிவிப்பு வந்தது. ஸ்கை 1999-இல் வந்தது, எம்பிரஸைவிட ஒன்றரை மடங்கு பெரியது. பெரியவை வந்தபின் சின்னதை என்ன செய்வார்கள் என்பது வியாபாரக் கணக்கு. ஆனால் 'சின்னது, தேவையில்லை' என்று இதை முன்பும் ஒருமுறை தள்ளிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார்கள், மேலே ஹவானா பதிலில் பாருங்கள். லட்சத்தீவு மாதிரி இடத்தில் பெரிய கப்பல் அணையத் துறையே இல்லை, தள்ளி நின்று சிறு படகில்தான் ஆளை இறக்க வேண்டும். அங்கெல்லாம் 2,000 பேர் கப்பலே அதிகம்.

அலங்குக்குப் போகிற கப்பலைப் பெரும்பாலும் இழுத்துக்கொண்டு போவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஏற்றத்தில், சொந்த எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டித் தானே கரையில் ஏறும். அந்தக் கடைசிப் பயணத்துக்கு வாங்கியவர் புதுப்பெயர் எழுத வண்ணம் செலவழிக்க மாட்டார், இருக்கிற பெயரில் இரண்டு மூன்று எழுத்தை அழித்து விட்டுவிடுவார். எங்கள் அலுவலகத்துக்கு அப்படி அரைகுறைப் பெயரோடு வந்த காகிதங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே எம்பிரஸ் என்ற பெயரில் எழுத்து ஏதும் குறையாதவரை டிக்கெட் போடலாம்.